திறந்து பார்த்தவன் திருடன்

மதுரைச் சமவெளியில் எதையாவது திறப்பதாக இருந்தால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுங்கள்: எடுத்துக்கொண்டு போகத் திறக்கிறீர்களா, சும்மா பார்க்கத் திறக்கிறீர்களா?

எடுத்துக்கொண்டு போக என்றால் கவலையே வேண்டாம். மேலூர்ப் பக்கம் மலையைத் திறந்தார்கள். கீழவளவிலும் கீழையூரிலும் குன்றைக் கண்டங்கண்டமாக அறுத்து, கல்லைக் கப்பலேற்றினார்கள். வருடக்கணக்கில் நடந்தது. யாருக்கும் கண் தெரியவில்லை. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னார். சூட்டோடு சூடாக அவரைக் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றினார்கள். மலையைத் திறந்தவர் தொழிலதிபர். கணக்கைத் திறந்தவருக்குச் சேலை வேட்டி விற்கும் பொறுப்பு.

பார்க்கத் திறந்தவர் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே கொஞ்சத் தூரத்தில், கீழடித் தென்னந்தோப்பில் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா மண்ணைத் திறந்தார். ஒரு பானை ஓட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். 2017-இல் அவரை அசாமுக்கு அனுப்பினார்கள். 982 பக்க அறிக்கையை 2023-இல் கொடுத்தார். திருத்தி எழுது என்று 2025-இல் அறிக்கை திரும்பி வந்தது.

ஆக, இந்த வட்டாரத்தின் எழுதாத சட்டம் எளிமையானது. திறப்பது குற்றமே கிடையாது. லாபம் பார்க்காமல் திறப்பதுதான் குற்றம்.

இப்போது அந்தக் குற்றத்தைச் செய்ய மூன்றாவதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும், கீறல் விழுந்த செல்போனோடும், அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்போடும் ராத்திரி முழிக்கிற பயலுக. இவர்கள் மலையையும் தொடவில்லை, மண்ணையும் தொடவில்லை. வீடியோ கேமைத் திறக்கிறார்கள்.

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்று ஒரு விளையாட்டு. பயலுக வாயில் அது ‘பஸ்சிட்’. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. ஜாவாத் தீவின் சாலைகளில் பேருந்து ஓட்ட வேண்டும். நம் ஆட்களுக்கு ஜாவாப் பேருந்தின் மேல் என்ன பாசம்? பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் மதுரை அரசுப் பேருந்தை முப்பரிமாணத்தில் இழைத்தார்கள். முகப்புக் கண்ணாடி, பின்பக்க ஏணி, டி.என். 58 என் என்று தொடங்கும் நம்பர் பலகை, ‘மாட்டுத்தாவணி’ என்ற பெயர்ப்பலகை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பித் தடுப்பு. எல்லாம் செய்து விளையாட்டுக்குள் ஏற்றினார்கள். அதோடு நிற்காதவர்கள் கேமின் தரவு மூட்டையையே அவிழ்த்து, எதிரே வருகிற ஜாவா வண்டிகளைத் தூக்கிவிட்டு ஷேர் ஆட்டோவையும் டிவிஎஸ் 50-யையும் ஓட விட்டார்கள். ஏர் ஹார்ன் சத்தத்தை மாற்றினார்கள். இதற்குப் பெயர் மோட் போடுவது.

பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக 1972-இல் பிறந்த கழகம், நிஜத்தில் ஓட்டுகிற பேருந்துகளில் செய்ய முடியாததை இந்தப் பயலுக செய்திருக்கிறார்கள். இவர்கள் பேருந்தில் கதவு மூடுகிறது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டாம். இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் எரிகிறது. நிறுத்தத்தில் கை காட்டினால், நம்ப மாட்டீர்கள், வண்டி நிற்கிறது.

மலேயோ நிறுவனத்துக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். வண்டிகளை வெளியிலிருந்து சேர்க்க அவர்களே விளையாட்டுக்குள் ஒரு வாசல் வைத்தார்கள். அந்த வாசல் இல்லாமல் இருந்தால் ஜாவாச் சாலையை உசிலம்பட்டியில் எவன் சீண்டுவான்? எல்லா நிறுவனத்துக்கும் அந்தப் பெருந்தன்மை கிடையாது. வாசல் இல்லாத வீட்டில்தான் டீகம்பைல் என்ற வேலை ஆரம்பிக்கிறது.

விவரம் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுவதற்கு வசதியாக இருக்கும். கேம் எழுதுகிறவர் மனிதருக்குப் புரிகிற மொழியில்தான் எழுதுகிறார். அது மூல நிரல். கம்பைலர் என்ற மென்பொருள் அதை இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றிவிடும். எழுதியவர் வைத்த பெயர்கள், ஓரத்தில் போட்ட குறிப்புகள் எல்லாம் தொலைந்துபோகும். டீகம்பைல் செய்வது என்றால், அரைத்து முடித்த மாவை விரலில் தொட்டு, எத்தனை பங்கு அரிசி, எத்தனை பங்கு உளுந்து, எவ்வளவு நேரம் ஊறியது என்று கண்டுபிடிப்பது. அரிசி திரும்ப வராது. பக்குவம் பிடிபடும்.

யூனிட்டி என்ற இன்ஜினில் பழைய முறையில் கட்டிய விளையாட்டு என்றால் வேலை சுலபம். ஐஎல்ஸ்பை, டிஎன்ஸ்பை போன்ற இலவசக் கருவியில் போட்டால், ஏறக்குறைய எழுதிய வடிவத்திலேயே சி ஷார்ப் நிரல் கண் முன்னால் வந்து நிற்கும். ஐஎல்2சிபிபி என்ற முறையில் கட்டியிருந்தால் தலைவலி. நிரல் முதலில் சி பிளஸ் பிளஸ் ஆகி, அப்புறம் இயந்திர மொழியாகி, எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். அந்த எலும்பை வைத்து இது கையா காலா என்று கண்டுபிடிக்கக் கிட்ரா என்ற கருவி இருக்கிறது. அதைச் செய்தது யார் தெரியுமா? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. உலகத்தையே ஒட்டுக்கேட்கிற அந்த உளவு நிறுவனம் 2019 மார்ச்சில் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது, பிறகு அதன் மூல நிரலையும் திறந்து வைத்தது. உளவாளிக்கு இருக்கிற தாராளம் நம் ஊர்த் துறைத் தலைவருக்கு இல்லை.

அவர் எப்படிப் பேசுவார் என்பது, எந்தப் பொறியியல் கல்லூரி வராந்தாவில் நின்று கேட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“என்னப்பா லேப்டாப்புல?”

“கேமோட அசெம்பிளி ஃபைல் சார். வண்டி பிரேக் போடுறப்ப வேகத்தை எப்படிக் குறைக்கிறாய்ங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“ஹேக்கிங்கா?”

“இல்ல சார், காசு குடுத்து வாங்குன கேம்தான். உள்ள எப்படி ஓடுதுன்னு...”

“உள்ள எப்படி ஓடுனா உனக்கென்ன? நாளைக்கு சைபர் கிரைம் வந்தா காலேஜ் பேரு கெடும். மூடி வை. போய் ஆப்டிடியூட் படி.”

நான்கு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிற இடத்தில் ஒருவன் உண்மையிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் செய்துவிட்டான். கல்லூரிக்கு அவமானம் வராதா? கம்பைலர் டிசைன் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து பதினாறு மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதலாம். கம்பைலர் என்ன செய்தது என்று ஒரு நிஜ ஃபைலில் எட்டிப் பார்த்தால் மட்டும் சைபர் கிரைம் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இந்தப் பெரியவர்கள் ஒரு தரம்கூடப் புரட்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957. அதன் 52-ஆம் பிரிவில், எவையெல்லாம் மீறல் ஆகாது என்ற பட்டியலில், 1999-இல் மூன்று உட்பிரிவுகளைச் சேர்த்தார்கள். முறையாகப் பெற்ற ஒரு மென்பொருளோடு தானே எழுதிய இன்னொரு மென்பொருள் சேர்ந்து இயங்குவதற்குத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைப் பெறத் தேவையானதைச் செய்யலாம். மென்பொருளை இயக்கிப் பார்த்து, ஆராய்ந்து, சோதித்து, அதன் அடியில் உள்ள கருத்துகளையும் கோட்பாடுகளையும் அறியலாம். சட்டப்படி வாங்கிய சொந்தப் பிரதியிலிருந்து, வியாபாரம் அல்லாத சொந்த உபயோகத்துக்காக நகலோ மாற்று வடிவமோ செய்யலாம். நாடாளுமன்றம் போட்ட சட்டம். மாட்டுத்தாவணி டீக்கடைப் பேச்சு இல்லை.

எல்லை எங்கே என்றும் சொல்கிறேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவில் ஏழு நாளுக்குக் குறையாமல் சிறை உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 2012-இல் 65ஏ வந்தது. அடுத்தவன் ஆட்டத்தைக் கெடுக்கிற சீட் கோடு எழுதிக் காசுக்கு விற்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தான் வாங்கிய பொருளின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறவனையும், ஊர் முழுக்கத் திருட்டுச் சரக்கு விற்கிறவனையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறோமே, அது சட்டத்தின் வேலை இல்லை. நம்முடைய சோம்பேறித்தனத்தின் வேலை. நிறுவனங்களுக்கு அந்தச் சோம்பேறித்தனம் நன்றாகத் தெரியும். ‘உள்ளே பார்க்க மாட்டேன், பிரித்து ஆராய மாட்டேன்’ என்று நாற்பது பக்கத்துக்கு எழுதி, அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான் வைக்கிறார்கள். சட்டம் கொடுத்த உரிமையைக் கட்டைவிரலால் எழுதிக் கொடுத்துவிட்டு விளையாட உட்காருகிறோம்.

அந்த நிறுவனங்களின் யோக்கியதை என்ன? மீனாட்சி பஜாரில் சிடி வாங்கி வைஸ் சிட்டி ஆடிய தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். ராக்ஸ்டாரின் தாய் நிறுவனம் டேக்-டூ. 2001-இல் வந்த ஜிடிஏ 3, 2002-இல் வந்த வைஸ் சிட்டி இரண்டையும் சில ரசிகர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து டீகம்பைல் செய்து, படிக்கக்கூடிய நிரலாகத் திரும்ப எழுதினார்கள். பழைய பிழைகளைத் திருத்தினார்கள். புதிய கணினிகளில் ஓட வைத்தார்கள். படங்களும் ஒலிகளும் அதில் இல்லை. அசல் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவனால்தான் அதை ஓட்ட முடியும். 2021 பிப்ரவரியில் டேக்-டூ அதை, நிரல்களை வெளியிடும் தளமான கிட்ஹப்பிலிருந்து தூக்க வைத்தது. செப்டம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்கு இழுத்தது. நவம்பரில் அதே பழைய விளையாட்டுகளைப் புதுச் சாயம் பூசிக் கடையில் வைத்தது. அந்தச் சரக்கில் இருந்த ஓட்டை உடைசலைப் பார்த்து உலகமே சிரித்தது. இலவசமாகச் சரிசெய்தவன் மேல் வழக்கு. காசு வாங்கிக் கெடுத்தவனுக்குப் பதிப்புரிமை.

இன்னும் ருசியானது இருக்கிறது. அதே ராக்ஸ்டார் ஸ்டீம் கடையில் விற்ற மேக்ஸ் பெய்ன் 2 விளையாட்டின் இயக்கக் கோப்பைச் சிலர் 2010-இல் திறந்து பார்த்தார்கள். உள்ளே பூட்டு உடைக்கும் திருட்டுக் குழு ஒன்றின் முத்திரை! சொந்த விளையாட்டில் தானே போட்ட பூட்டைக் கழற்றுவதற்குக்கூட நோகாமல், திருடன் உடைத்துக் கொடுத்ததையே மடித்து விற்றிருக்கிறார்கள். இதையும் மூடியைத் திறந்து பார்த்தவன்தான் கண்டுபிடித்தான் என்பதைக் கவனியுங்கள். திறப்பவன் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்பது இப்போது புரியும்.

2015-இல் ஃபைவ்எம் என்ற மோட் குழுவைத் திருட்டுக்கு வழிசெய்கிறது என்று அதே ராக்ஸ்டார் திட்டியது. 2023 ஆகஸ்டில் அந்தக் குழுவையே விலைக்கு வாங்கி வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. எட்டு வருடத்தில் திருடன் எப்படி மாப்பிள்ளை ஆனான்? இன்று ஃபைவ்எம் சர்வரில் ரோல்பிளே ஆடி, தமிழில் பேசி யூடியூபில் சம்பாதிக்கிற இளைஞர்களைக் கேளுங்கள். கூட்டம் சேர்ந்தால் திருட்டும் முதலீடு என்று சொல்வார்கள்.

பப்ஜியால் பிள்ளை கெட்டான் என்று பெற்றோர் அழுதபோது 2020 செப்டம்பர் 2 அன்று டெல்லி அதைத் தடை செய்தது. அந்தப் பப்ஜி யாருடைய கைவேலை? பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், முதலில் ஆர்மா என்ற இன்னொருவர் விளையாட்டுக்கு மோட் போட்டு ஆரம்பித்தவர். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஹாஃப்-லைஃபுக்குப் போட்ட மோட். டோட்டா வார்கிராஃப்டுக்குப் போட்ட மோட். மைன்கிராஃப்டில் நிரலின் பெயர்களைக் குழப்பி வைத்திருந்தார்கள். 2010-இலிருந்து ரசிகர்கள் உட்கார்ந்து அவிழ்த்து அவிழ்த்து மோட் போட்டார்கள். கடைசியில் 2025 அக்டோபரில், இனிக் குழப்ப மாட்டோம், பெயர்களை அப்படியே தருகிறோம் என்று நிறுவனமே இறங்கி வந்தது. உலகத்தின் பெரிய விளையாட்டுகளில் பாதி, எவனோ ஒரு பயல் அடுத்தவன் பெட்டியைத் திறந்ததில் பிறந்தது. நம் ஊரில் மட்டும் அந்தப் பயல் ‘கெட்டுப்போனவன்’. கேம் ஆடிக் கெட்டவனும் கேமைப் பிரித்துக் கற்றவனும் நமக்கு ஒன்று. இரண்டு பேரும் ராத்திரி முழித்திருக்கிறார்களே!

இனிச் சொல்லப்போவது சிரிப்புக்கு உரியதில்லை.

ஆன்லைன் ரம்மி. கடன்பட்டுச் செத்தவர்களின் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வாராவாரம் வந்துகொண்டிருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதிலிருந்து வந்த சட்டத்தை ரத்து செய்தது. 2022-இல் முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் புது மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. அந்த மாதம் வரைக்கும் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டை நெஞ்சில் பணம் கட்டி ஆடும் ஒரு செயலியின் பெயர்தான் மின்னிக்கொண்டிருந்தது.

ஐந்து வருடம். திறமையா, அதிர்ஷ்டமா? கற்றறிந்த வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எங்கே இருந்தது? சீட்டைக் கலைக்கிற நிரலில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பது மனிதனா, ‘பாட்’ என்ற தானியங்கி ஆட்டக்காரனா? நிரலில் இருந்தது. முதல் வாரம் ஜெயிக்க விட்டு, மாதக் கடைசியில் சம்பளப் பணத்தை உருவுகிற தந்திரம் உள்ளே இருந்ததா, இல்லையா? அதுவும் நிரலில். அந்த நிரலைப் பொதுமக்கள் முன்னால் விரித்து வைத்துப் படித்த ஒரு நாள் உண்டா? நிறுவனமே காசு கொடுத்து வாங்கிய தணிக்கைச் சான்றிதழை விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டது. அதோடு முடிந்தது. பிரேத அறையில் உடலைத் திறந்தார்கள். கொன்றதாகச் சொன்ன செயலியைத் திறக்கவில்லை. ஏனென்றால் அது வணிக ரகசியம். மனிதனின் வயிறு ரகசியம் இல்லை.

பஸ்சிட்டின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ராத்திரி முழித்த அந்த வாடிப்பட்டிப் பயலைக் கூப்பிட்டு, ‘தம்பி, இந்த ரம்மிச் செயலியைக் கொஞ்சம் பிரித்துப் பார்’ என்று இந்த அரசு ஒரு நாள் சொல்லியிருந்தால்? சொல்லாது. அவனிடம் பெட்டியைக் கொடுத்தால் அடுத்து எந்தப் பெட்டியைக் கேட்பான் என்று அரசுக்குத் தெரியும்.

அரசிடமும் பூட்டிய பெட்டிகள் நிறைய இருக்கின்றன. கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேது செயலியைப் போட்டால்தான் நடமாட்டம் என்றார்கள். அதைப் பிரித்து ஆராயக்கூடாது என்று நிபந்தனையும் வைத்தார்கள். நீ எங்கே போகிறாய், யாரோடு நின்றாய் என்று அது பார்க்கும். அதற்குள் என்ன என்று நீ பார்க்கக்கூடாது. சத்தம் கிளம்பிய பிறகுதான் 2020 மே 26 அன்று மூல நிரலைத் திறந்தார்கள். இத்தனைக்கும் 2015-இலேயே மத்திய அரசு இரண்டு கொள்கைகளை வெளியிட்டிருந்தது. ஒன்று, அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருள். இன்னொன்று, அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைப்பது. கொள்கைகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும் யாரும் திறப்பதில்லை.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் திறந்து பார்த்த ஹரி பிரசாத்தை 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். கேட்ட கேள்வி இயந்திரத்தைப் பற்றி இல்லை, அது உன் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி. அந்த இயந்திரத்தின் ஆக்கத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் முன்னின்றவர் எஸ். ரங்கராஜன், நம் சுஜாதா. ‘ஏன் எதற்கு எப்படி’ என்று தலைப்புப் போட்டு, தமிழ்ப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்ன மனிதர். அந்தப் புத்தகத்தைப் பள்ளிப் பரிசாகக் கொடுத்தோம். ஒரு தலைமுறை அதை நம்பி உண்மையிலேயே எப்படி என்று கேட்டது. கேட்டவனுக்குக் கிடைத்தது ‘மூடி வை’.

மூடியைத் திறக்கிற பயலுகளை இத்தனை தூரம் தூக்கி வைத்துவிட்டேன், இறக்கியும் வைக்க வேண்டும். இவர்கள் செய்கிற அலப்பறையும் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்தவன் விளையாட்டை அவிழ்த்து மோட் செய்வார்கள். செய்து முடித்ததும் தங்கள் மோடுக்குப் பூட்டுப் போடுவார்கள்! “மாடல் என்னோடது, எவனும் எடிட் பண்ணக்கூடாது. கிரெடிட் குடுக்காம போட்டா ஸ்ட்ரைக் அடிப்பேன்.” டேக்-டூ வக்கீல் தோற்றார். டவுன்லோடு செய்யப் போனால் ஸிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு. “பாஸ்வேர்ட் வீடியோவுக்குள்ளதான் இருக்கு, ஸ்கிப் பண்ணாம பாருங்க மக்களே.” லிங்கைத் தொட்டால் ஒரு விளம்பரப் பக்கம், அது முடிந்தால் இன்னொன்று, அப்புறம் பத்து விநாடி காத்திரு, நீ ரோபோ இல்லை என்று நிரூபி. அதிலேயே இரண்டு ரம்மி விளம்பரம் வந்துபோகும். முப்பது ரூபாய் பெய்டு மோட் வேறு. அதில் இருக்கிற டயர் எங்கிருந்து வந்தது என்று நோண்டினால், இன்னொரு நாட்டுக்காரன் செய்த மாடலை அப்படியே உருவியிருப்பான்.

தம்பிகளா, பெட்டியைத் திறக்கிற உரிமை வேண்டும் என்று கேட்டுவிட்டு, திறந்த கையோடு நீங்களே ஒரு பெட்டி செய்து பூட்டினால், உங்களுக்கும் அந்தக் கல் குவாரிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? அவனுடைய லாரி பெரிது. அவ்வளவுதான். சூப்பர் மேரியோ 64-ஐ டீகம்பைல் செய்தவர்கள், திரும்பக் கம்பைல் செய்தால் 1996-இல் வந்த அசலோடு ஒரு பைட்கூட மாறாமல் பொருந்தும்படி 2019-இல் எழுதி முடித்தார்கள். செயல்கூறுகளுக்குப் பெயர் வைத்து, எவனும் படிக்கலாம் என்று விரித்து வைத்தார்கள். பாஸ்வேர்டு வீடியோவுக்குள் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? என்னிடம் இரண்டு திட்டம் இருக்கிறது. அரசுக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் திட்டம், இப்போது இருக்கிற மனநிலைக்கு ஏற்றது. மதுரை மாவட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பதற்கு உரிமம் கட்டாயமாக்க வேண்டும். பொம்மையைப் பிரித்துப் பார்க்கிற குழந்தையை அங்கன்வாடியிலேயே அடையாளம் கண்டு ஆலோசனை வழங்க வேண்டும். பொறியியல் பாடத்திட்டத்திலிருந்து ‘எப்படி’ என்று தொடங்கும் கேள்விகளை நீக்கி, ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தும் செய்முறைத் தேர்வை உள் மதிப்பீட்டுக்கு வைக்கலாம். மேலூரில் மிச்சமிருக்கிற குன்றுகளை அறுக்கிற தொழிலுக்குக் கெடுதல் வராது. அவற்றைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

இரண்டாவது திட்டத்துக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதும் எந்த மென்பொருளின் மூல நிரலும் மக்கள் முன்னால் இருக்க வேண்டும். மக்கள் பணத்தை வாங்கி ஆட்டம் நடத்துகிற எந்தச் செயலியும், நிரலைத் திறந்து காட்டாமல் இந்த மாநிலத்தில் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. 52-ஆம் பிரிவின் அந்த மூன்று உட்பிரிவுகளைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு கல்லூரிக் கணினி ஆய்வகச் சுவரிலும் ஒட்ட வேண்டும், துறைத் தலைவர் கண்ணில் படுகிற உயரத்தில். இவ்வளவுக்கும் புதுச் சட்டம் எத்தனை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஏற்கனவே எழுதி வைத்ததுதான், பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

மாட்டுத்தாவணியில் 314 கோடி ரூபாய்ச் செலவில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது. வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்கா ரொம்ப நாள் ஆளில்லாமல் கிடந்து, 2021-இல் கொரோனாப் படுக்கை போட உதவியது போல ஆகாமல், இதற்காவது கம்பெனிகள் வரட்டும். வந்தால் நேர்முகத் தேர்வில் கேட்கப்போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரியும்: அடுத்தவன் எழுதிய நிரலை, ஆவணம் எதுவும் இல்லாமல், பிரித்துப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியுமா? தெரியும் என்று சொல்கிறவன், நாம் வைதபோது காதில் வாங்காமல் போன பயலாகத்தான் இருப்பான். பெரியவர் பேச்சைக் கேட்டு மூடி வைத்த நல்ல பிள்ளைகளையும் கைவிட மாட்டார்கள். அடுத்த நாட்டுக்காரன் பூட்டி அனுப்பிய பெட்டிக்கு, ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்’ என்று ராத்திரி ஷிஃப்டில் பதில் சொல்கிற வேலை அவர்களுக்கு நிச்சயம் உண்டு.